யார் விடுகிற கரடி?

பொய் சொல்பவனைப் பார்த்து ‘கரடி விடாதே’ என்போம். நம் ஊரில் பிறந்த இந்தச் சொல்வழக்குக்கு முழுப் பொருத்தம் கிடைப்பது அமெரிக்காவின் தென்மேற்கில்தான். கொலராடோ, நியூ மெக்சிகோ மலைப்பக்கத்தில் மழை பொய்க்கிற வருஷமெல்லாம் யாராவது ஒருவர் தவறாமல் ஒரு கரடி விடுவார்: “கருங்கரடி பெருத்துப் போச்சு. சுட்டால்தான் அடங்கும்.”

ஆதாரம் கேட்டால் கைவசம் இருக்கிறது. போன வருஷம் கரடியையே பார்க்காத தெருவில் இந்த வருஷம் மூன்று முறை பார்த்துவிட்டார்கள். குப்பைத் தொட்டி கவிழ்ந்தது. பின்கட்டுப் பிளம் மரத்தில் கிளை முறிந்தது. பூட்டாத காரின் கதவைத் திறந்து உள்ளே போன ஒன்று, கதவு மூடிக்கொண்டதும் இருக்கையைக் குதறி எடுத்துவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்? கண்ணில் பட்டது அதிகம். ஆகவே கரடி அதிகம்.

கோடையில் நம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது. லாரி நின்ற இடத்தில் ஐம்பது குடம் வரிசை கட்டி நிற்கிறது. அதைப் பார்த்த அதிகாரி, ‘இத்தெருவில் திடீரென ஐம்பது குடும்பங்கள் பெருகியுள்ளன, குறைக்க ஆவன செய்யவும்’ என்று கோப்பில் எழுதினால் அவரை என்ன செய்வோம்? கொலராடோவில் அப்படி எழுத ஆள் இருக்கிறது. அந்த வரிசையைப் பார்த்துத் துப்பாக்கியில் தோட்டா போடவும் ஆள் இருக்கிறது.

முதலில் வரிசையில் நிற்பவரைப் பார்த்துவிடுவோம். பெயர்தான் கருங்கரடி. அந்தப் பக்கம் பலதும் பழுப்பு, சில வெளிர் மஞ்சள். பார்த்தால் பயங்கரம், தின்பதெல்லாம் பெரும்பாலும் சைவம். வசந்தத்தில் புல், அப்புறம் எறும்பும் புழுவும், கோடை முடிகிற நேரத்தில் சோக்செர்ரி, சர்வீஸ்பெர்ரி என்று காட்டுப் பழங்கள், கடைசியில் கேம்பெல் ஓக் மரத்துக் கொட்டை. இந்தக் கொட்டைதான் அதற்குக் குதிர் நெல். ஆகஸ்டு பிறந்துவிட்டால் நாளுக்கு இருபது மணி நேரம் தின்னும். 20,000 கலோரி வரை உள்ளே போகும். மனிதக் கணக்கில் எட்டு, பத்துப் பேர் சாப்பாடு. பேராசையால் தின்பதில்லை. குளிர்காலம் முழுக்கக் குகையில் அன்னம் தண்ணீர் இல்லாமல் கிடக்க வேண்டும். அந்தச் செலவுக்கெல்லாம் இப்போதே கொழுப்பாக வரவு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓக் பூக்கும் பருவத்தில், நேரம் தப்பி ஓர் இரவு பனி விழுந்தால் பூ கருகும். தப்பிய பூ பிஞ்சாகும்போது மழை இல்லையென்றால் மரமே பிஞ்சை உதிர்த்துவிடும். செப்டம்பரில் கரடி வந்து நிமிர்ந்து பார்க்கிறது: இலை இருக்கிறது, கொட்டை இல்லை. அடுத்த மரம், அதுவும் இல்லை. அடுத்த சரிவு, அடுத்த மலை. மூக்கு மட்டும் ஓயாமல் வேலை செய்கிறது. அடிவாரத்து ஊரிலிருந்து, யாரோ பாதி தின்று எறிந்த பீட்சாவின் மணம் காற்றில் ஏறி வருகிறது. அது கீழே இறங்குகிறது.

அங்கே ஆரம்பிக்கிறது குற்றப்பத்திரிகை.

கொலராடோவில் ஊருக்குள் வந்த கரடிக்கு இரண்டு வாய்ப்பு என்று பல்லாண்டு காலமாக ஒரு விதி நடைமுறையில் இருந்தது. முதல் முறை பிடித்தால் காதில் வில்லை மாட்டித் தூரத்தில் கொண்டுபோய் விடுவார்கள். இரண்டாம் முறை பிடித்தால் மரணம். மூடாத குப்பைத் தொட்டியை வாசலில் வைத்தவருக்கு இப்படி ‘இரண்டாம் முறை’ என்று ஒன்று வந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவருக்குப் பெரும்பாலும் எச்சரிக்கை, மிஞ்சினால் அபராதம். தொட்டியை வைத்தவர் வரி கட்டுபவர், ஓட்டுப் போடுபவர். தொட்டியைக் கவிழ்த்ததற்கு இரண்டும் கிடையாது.

அந்த அலுவலகங்களின் மனசாட்சியை அப்படியே தமிழ் அரசுக் கடிதமாக்கினால் இப்படி இருக்கும்:

*பெறுநர்: திருமதி கரடி, ஓக் மரச்சரிவு (காய்ப்பற்றது).*

*பொருள்: பசி – பொது இடத்தில் பசித்தல் – வறட்சி ஆண்டு – தொடர்பாக.*

*பார்வை: தங்கள் வயிறு, நாளில்லாதது.*

*அம்மையீர்,*

*மேற்காணும் பொருள் தொடர்பாகத் தங்களுக்குத் தெரிவிக்கப்படுவதாவது: நடப்பாண்டில் மழை பெய்யாதது இவ்வலுவலகத்தின் வரம்புக்குள் வராது. தாங்கள் பசித்தது மட்டும் வரும். தாங்கள் நகர எல்லைக்குள் காணப்பட்டால் ‘தொல்லைக் கரடி’ எனவும், காட்டுக்குள் காணப்பட்டால் ‘வேட்டைக்குரிய கரடி’ எனவும் வகைப்படுத்தப்படுவீர்கள். இவ்விரண்டு இடங்களையும் தவிர்த்து வேறெங்கும் வசிக்கத் தங்களுக்குத் தடையேதும் இல்லை.*

*தாங்கள் காணப்படும் ஒவ்வொரு முறையும் தங்கள் இனம் பெருகியதற்கான சான்றாகப் பதியப்படும். தாங்கள் காணப்படாமல் போனால் மேலாண்மை வெற்றி பெற்றதாகப் பதியப்படும்.*

*இக்கடிதம் கிடைத்தமைக்கு ஒப்புதலாகத் தங்கள் காதில் வில்லை பொருத்தப்படும்.*

சிரித்தாயிற்றா? இனி நடந்ததைப் பார்ப்போம்.

கொலராடோவின் தென்மேற்கு மூலையில் டுராங்கோ என்று ஒரு மலையூர். 2011 முதல் ஆறு ஆண்டுகள் அந்த மாநில வனவிலங்குத் துறையின் ஆய்வாளர்களே கரடிகளின் கழுத்தில் பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். இடையில் 2012 வந்தது. பனியும் வறட்சியும் சேர்ந்து காட்டின் காய்ப்பைத் துடைத்தெறிந்த வருஷம். ஊருக்குள் எங்கு திரும்பினாலும் கரடி. ‘பெருத்துப் போச்சு’ என்ற குரல் உச்சத்தில் ஒலித்திருக்க வேண்டிய வருஷம். ஆய்வின் கணக்கு முடிந்தபோது தெரிந்தது: அந்த வருஷத்தில் அப்பகுதிப் பெண் கரடிகள் 57 விழுக்காடு குறைந்திருந்தன. காரில் அடிபட்டும், ‘தொல்லை’ என்று கொல்லப்பட்டும் செத்தவை அதில் கணிசம். ஊர் பார்த்தது பெருக்கத்தை இல்லை. பெண் கரடிகள் பாதிக்கு மேல் சரிவதை வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு எண்ணிக்கை கூடிவிட்டது என்றது. சவ ஊர்வலத்தில் கூட்டத்தைப் பார்த்து ‘வீட்டில் என்ன விசேஷம்’ என்று கேட்ட கதை.

அதே ஊரில் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். 1,110 வீடுகளுக்குக் கரடியால் திறக்க முடியாத குப்பைத் தொட்டி கொடுத்தார்கள். பூட்டு வைத்த பிளாஸ்டிக் தொட்டிதான், விண்கலம் இல்லை. தொட்டி கொடுத்த பகுதிகளில் குப்பை தொடர்பான கரடித் தொல்லை, கொடுக்காத பகுதிகளைவிட 60 விழுக்காடு குறைவு. ஒரு தாழ்ப்பாள் செய்த வேலை. ஆனால் தாழ்ப்பாளின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள முடியாது. தாழ்ப்பாளின் தலையைப் பாடம் பண்ணிக் கூடத்துச் சுவரில் மாட்டவும் முடியாது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ‘சுட்டால்தான் அடங்கும்’ என்பதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 1999-இல் நிறுத்திய வசந்தகால வேட்டையை 2014-இல் மறுபடி தொடங்கினார்கள்; சொன்ன காரணங்களில் ஒன்று, ஊருக்குள் தொல்லை குறையும் என்பது. வேட்டை நடந்தது, கரடிகள் செத்தன, தொல்லை மட்டும் குறையவில்லை என்று 2023-இல் வெளியான ஆய்வு சொன்னது. காட்டில் பழம் இருந்தால் வரவில்லை, இல்லையென்றால் வந்தன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த உண்மையை நிரூபிக்க ஒரு மாகாணம் முழுக்கத் துப்பாக்கி சுட வேண்டியிருந்தது.

சரி, ஊரை விட்டுக் காட்டுக்குப் போவோம். ஊரில் சாவது ‘தொல்லை’. காட்டில் சாவது ‘விளையாட்டு’.

வறண்ட வருஷத்தில் கரடி வேட்டைக்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: கரடியைத் தேடி அலையாதே, தண்ணீரைத் தேடு. நல்ல வருஷத்தில் நூறு ஓடை, நூறு சுனை. கரடி எங்கே குடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? பஞ்ச வருஷத்தில் சுற்று வட்டாரத்துக்கே ஒரு மாட்டுத் தொட்டிதான் மிச்சம். ஓரத்துச் சேறு பாளமாக வெடித்திருக்கிறது. நடுவில் பச்சையாக ஒரு சாண் தண்ணீர். சேற்றில் மானின் குளம்பு, காட்டுப் பன்றியின் குளம்பு, அவற்றின் மேல் மனிதன் பதித்தது போலவே ஐந்து விரல், குதிகாலோடு ஓர் அடிச்சுவடு. இருபது கஜத்துக்கு அப்பால் இலை அச்சடித்த துணிக்கூடாரம். அதற்குள் மடக்கு நாற்காலி, குளிர்ந்த பானம், தூரம் அளக்கும் லேசர் கருவி. விசையை இழுப்பவருக்குத் தாகம் எடுத்தால் கைக்கெட்டும் தூரத்தில் பாட்டில் இருக்கிறது. எதிரே இருப்பதற்கு வேறு தண்ணீர் கிடையாது. இந்தப் போட்டிக்கு வீரம் என்று பெயர்.

இதன் உச்சகட்டம் அரிசோனாவில் நடந்தது. அங்கே நீர்த்தொட்டிகளைச் சுற்றித் தானியங்கிக் கேமராக்களைக் கட்டி வைத்தார்கள். எந்த விலங்கு எந்த நேரம் தண்ணீர் குடிக்கிறது என்று வீட்டுச் சோபாவில் படுத்தபடி பார்க்கலாம். கூத்து எல்லை மீறி, வேட்டைக்காரர்களுக்கு நண்பனான அந்த மாநில ஆணையமே கூசிப்போய், வேட்டைக்கு இத்தகைய கேமராக்களைப் பயன்படுத்த 2021-இல் தடை போட்டது. கேமராவுக்குத்தான் தடை. தண்ணீர்க் கரையில் காத்திருப்பதற்கு இல்லை.

இன்னும் வேடிக்கை இரை போடும் வழக்கம். கொலராடோ மக்கள் 1992-இல் ஓட்டுப் போட்டு, பத்தில் ஏழு பேர் ஆதரவோடு, இரை வைத்துக் கரடி சுடுவதையும் நாய் விட்டுத் துரத்துவதையும் வசந்தகால வேட்டையையும் சேர்த்து ஒழித்தார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஐடஹோவிலும் மெய்னிலும் இன்றும் காட்டுக்குள் பீப்பாய் வைத்துப் பழைய டோனட்டைக் கொட்டலாம். தின்ன வருகிற கரடியைச் சுடலாம். ஆக, சட்டம் சொல்வது இதுதான்: வீட்டுக்காரர் தொட்டியில் கிடந்த டோனட்டைத் தின்றால் கரடி குற்றவாளி. வேட்டைக்காரர் பீப்பாயில் கிடந்த டோனட்டைத் தின்றால் அது கோப்பை. டோனட் ஒன்றுதான், சர்க்கரை ஒன்றுதான், சாவும் ஒன்றுதான். சான்றிதழ்தான் வேறு.

நியூ மெக்சிகோவுக்கு வருவோம். பாசாங்குக்குத் தனி மாநிலப் பட்டம் இருந்தால் அதற்குத்தான் கொடுக்க வேண்டும். 1963 முதல் கருங்கரடி அம்மாநிலத்தின் அதிகாரபூர்வ விலங்கு. 1950-இல் கேப்பிடன் மலையில் காடு எரிந்தபோது, உள்ளங்கால் வெந்து மரத்தைப் பற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டியை மீட்டார்கள். தீத்தடுப்புப் பிரசாரத்தின் சித்திரக் கரடியான ‘ஸ்மோக்கி’யின் பெயரையே அதற்கு வைத்து, வாஷிங்டன் உயிரியல் பூங்காவுக்கு அனுப்பினார்கள். குழந்தைகள் எழுதிய கடிதம் மூட்டை மூட்டையாகக் குவிந்ததால் 1964-இல் ஸ்மோக்கிக்கென்றே தனி அஞ்சல் குறியீடு தந்தார்கள். 1976-இல் செத்ததும் உடலைச் சொந்த மலைக்கே கொண்டுவந்து மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

அதே நியூ மெக்சிகோவில் 2011 முதல் 2014 வரை வறட்சி வாட்டியது. 2011-இல் லாஸ் கொன்சாஸ் தீ மட்டும் ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது. பசித்த கரடிகள் வழக்கம்போல் இறங்கி வந்து வழக்கம்போல் செத்தன. இதெல்லாம் முடிந்து 2015 ஆகஸ்டில் வேட்டை ஆணையம் கூடியது. ஓராண்டில் கொல்லத்தக்க கரடிகளின் வரம்பை 640-லிருந்து 804 ஆக உயர்த்தியது. கம்பியில் சிக்கிய முடியை மரபணு ஆய்வு செய்து புதிதாகக் கணக்கெடுத்தோம், நினைத்ததைவிட அதிகம் இருக்கிறது என்றார்கள். கணக்கு சரியாகவே இருக்கட்டும். வீட்டில் நினைத்ததைவிட நெல் அதிகம் என்று தெரிந்தால், அதுவும் பஞ்சத்துக்கு மறுவருஷம், குடியானவன் என்ன செய்வான்? விதைக்கு எடுத்து வைப்பான். இவர்கள் விருந்துக்கு இலை போட்டார்கள்.

நெல்லாவது ஆறு மாதத்தில் விளையும். கரடி அப்படி இல்லை. மேற்கு மலைகளில் ஒரு பெண் கரடி முதல் குட்டி போட நாலைந்து வயதாக வேண்டும். பிறகும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான். ஜூன், ஜூலையில் இணை சேரும். ஆனால் கரு உடனே கருப்பையில் ஒட்டாது. ஐந்து மாதம் மிதந்துகொண்டு காத்திருக்கும். நவம்பரில் தாயின் உடம்பு கொழுப்பைக் கணக்குப் பார்க்கும். இருப்பு போதுமென்றால் கரு தங்கும். குகைக்குள் அரைக் கிலோகூடத் தேறாத குட்டி பிறக்கும். போதாதென்றால் கரு கரைந்துவிடும். சத்தமில்லை, ரத்தமில்லை. பஞ்சத்தில் பிள்ளை பெறக்கூடாது என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. பஞ்சத்தில் கொல்லக்கூடாது என்று ஓர் ஆணையத்துக்குத் தெரியவில்லை. பட்ட காலிலே படும் என்பதை அவர்கள் பழமொழியாக வைத்துக்கொள்ளவில்லை, கொள்கையாகவே வைத்துக்கொண்டுவிட்டார்கள்.

வேட்டைக்காரர் தரப்பும் கேட்போம். ‘துப்பாக்கி, தோட்டா மீது வசூலித்து, 1937-இல் காட்டுயிருக்கென ஒதுக்கிய வரிதானே காட்டுயிர்த் துறைக்குப் படியளக்கிறது? நாங்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில்தானே பாதுகாப்பே நடக்கிறது?’ உண்மை. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு. அந்தப் பணத்தில் எத்தனையோ காடு பிழைத்தது. சுட்ட இறைச்சியை வீணாக்காமல் தின்கிறவர்களும், காய்ப்பு பொய்த்த வருஷத்தில் துப்பாக்கியைத் தொடாதவர்களும் அவர்களில் உண்டு. என் கோபம் அவர்கள் மேல் இல்லை. ஆனால் படியளப்பவனுக்கு எதிராகப் பஞ்சாயத்து தீர்ப்புச் சொல்லுமா என்ற கேள்விக்கும் அந்த வரியிலேயே பதில் இருக்கிறது. உரிமம் விற்றால்தான் சம்பளம் என்றால், வறட்சி வருஷத்தில் ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அதனால்தான் ‘கொல்லுதல்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ‘மேலாண்மை’ என்கிறார்கள். செத்த கரடியை ‘அறுவடை’ என்று எழுதுகிறார்கள். விதைத்தது யார் என்று கேட்டுவிடாதீர்கள்.

அந்த நாட்டில் ஒருவர் ஒரு முறை வெட்கப்பட்டார். 1902 நவம்பர், மிசிசிப்பி. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கரடி வேட்டைக்குப் போயிருந்தார். அடிமையாகப் பிறந்து, கரடி வேட்டையில் நிகரற்றவராக வளர்ந்த ஹோல்ட் கோலியர் என்பவர் வழிகாட்டி. நாய்கள் மடக்கிய ஒரு கரடியைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து மயக்கி, மரத்தோடு கயிற்றால் கட்டி வைத்து, அதிபருக்கு ஆள் அனுப்பினார் அவர். வந்து பார்த்த ரூஸ்வெல்ட், கட்டிப்போட்டதைச் சுடுவது வேட்டையாடுபவனுக்கு அழகில்லை என்று மறுத்துவிட்டார். கார்ட்டூன் வந்தது. புரூக்ளினில் ஒரு கடைக்காரர் கரடிப் பொம்மை செய்து ‘டெடி’ என்று அவர் பெயரையே வைத்தார். உலகத்துக் குழந்தைகளெல்லாம் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை அப்படிப் பிறந்தது. பொம்மைக் கடையில் சொல்லாமல் விட்ட மிச்சக் கதை: அடிபட்டுக் கிடந்த கரடியின் வேதனையைத் தீர்க்கச் சொல்லி அதிபரே உத்தரவிட, அதைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள்.

ஆனாலும் அந்த மனிதருக்குக் கயிறு கண்ணில் பட்டது. இன்று கயிறு கண்ணில் படுவதில்லை. காய்க்காத ஓக் ஒரு முடிச்சு, வற்றிய ஓடை ஒரு முடிச்சு, எரிந்த சரிவு ஒரு முடிச்சு. இத்தனை முடிச்சும் போட்டு வறட்சி அந்தக் கரடியைக் கடைசி மாட்டுத் தொட்டியோடு கட்டி வைத்திருக்கிறது. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர், ‘கட்டா? எங்கே? சுதந்திரமாகத்தானே தண்ணீர் குடிக்கிறது’ என்கிறார். நியாயமான வேட்டை என்று அதற்குச் சான்றும் வைத்திருக்கிறார்.

அந்தக் கயிற்றைத் திரித்தது யார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2000 முதல் 2021 வரையிலான 22 ஆண்டுகள் அமெரிக்கத் தென்மேற்கில் 1,200 ஆண்டுகளாகக் காணாத வறட்சிக்காலம் என்று மரவளையங்களை எண்ணிப் பார்த்தவர்கள் 2022-இல் சொன்னார்கள். அதில் 42 விழுக்காடு மனிதன் சூடேற்றிய காலநிலையின் கைங்கரியம். அதாவது நூறு இழையில் நாற்பத்திரண்டு நாம் திரித்தது. எண்ணெய் எரித்தோம், காற்றைச் சூடாக்கினோம், மண்ணை உலர்த்தினோம், காய்ப்பைக் கருக்கினோம். இத்தனையும் செய்துவிட்டு, குப்பைத் தொட்டி அருகே நிற்கும் கரடியைப் பார்த்துக் கேட்கிறோம்: ‘உனக்கு இங்கே என்ன வேலை?’

காய்ப்பு பொய்த்த வருஷத்தில் வேட்டையை நிறுத்தி வையுங்கள். குப்பைத் தொட்டிக்கு ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். இதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. இத்தனை காலம் கரடி விட்டது போதும். இனியாவது கரடியை விடுங்கள்.